நாடி நின்றதும் சொல்லு

சிறுமி பூரணியின் இதயத்தைத் துடிக்கவைக்கும் வெளிச்சம், மார்பிலிருந்து வெளியே வரும் முடியளவு கண்ணாடி இழை வழியாகத்தான் போகும். இன்று அதில் விரிசல் விழுந்துவிட்டது. கேபிள் வேலை பார்க்கும் அவள் அப்பா சந்தானம், ஒரே நொடியில் விரிசலை வெட்டியெடுத்துவிட்டு, இரு முனைகளையும் கண்ணாடியை உருக்கி ஒட்டும் ஸ்பிளைசிங் மிஷினில் நேருக்கு நேர் வைத்தான்; நின்ற நாடி மீண்டது. இன்னொரு முறை வெட்ட இழையில் நீளம் இல்லை.

மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள் கோமளா. "இங்கதாங்க நல்லா துடிக்குது. ஏன் இழையைத் தள்றீங்க?"

"வெளிச்சம் ஓடுற பாதை இந்த இழைக்கு நட்டநடுவுல இல்ல, கோமு. கண்ணாடி உருகுறப்போ ஓரத்தோட ஓரம் சேர இழுக்கும், பாதை விலகிரும். இப்பவே எதிர்ப்பக்கம் தள்ளிவெச்சாத்தான் சரியான இடத்துல வந்து நிக்கும். நாடி சுத்தமா நின்னாத்தான் போதுமான அளவு தள்ளியாச்சுன்னு அர்த்தம். நின்னதும் சொல்லு. முன்னாடியே சொல்லிராத."

அவன் மிஷினின் குமிழைத் திருகத் திருகத் துடிப்பு தேய்ந்தது. பூரணியின் உதடு நீலம் பாரித்தது. கோமளாவின் விரலடியில் துடிப்பு இன்னும் நூலாய் ஓடிக்கொண்டிருந்தது.

"நின்னுடுச்சு!" என்று அலறினாள்.

சந்தானம் பொத்தானை அழுத்தினான். தீப்பொறி பளிச்சிட்டு, இரு முனைகளும் உருகி ஒட்டிக்கொண்டன.

"நாடி திரும்பி வந்துடுச்சா?" என்றான்.

வந்திருந்தது. ஆனால் பழைய பலத்தில் பாதிகூட இல்லை.

"வந்துடுச்சுங்க" என்றாள் கோமளா. மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்க மட்டும் அவளுக்குத் துணிவு வரவில்லை.