உபின் தீவில் ஒரு படி

புலாவ் உபின் தீவின் சிறிய படகுத்துறையில் எங்கள் படகு உரசி நிற்கிறது. துறையோரம் கட்டிய பழைய டயர்கள் நசுங்கி முனகுகின்றன. தண்ணீரில் பட்ட காலை வெயில் படகின் கூரையடியில் வலைபோல் ஆடுகிறது. பக்கவாதம் வந்து ஏழு மாதம் கழித்து, இன்றுதான் வாப்பா பொங்கோலில் உள்ள எங்கள் வீட்டைவிட்டு வெளியே வந்திருக்கிறார். ஏற வேண்டியது ஒரே படி. அலையில் படகு எழும்பும்போது அது கணுக்கால் உயரம், தாழும்போது முழங்கால் உயரம். "புள்ள, வாப்பா கையப் பிடி," என்கிறார் உம்மா. நான் நீட்டிய கையை வாப்பா பார்க்கவில்லை. கம்பியைப் பற்றியபடி அலையையே பார்க்கிறார். ஒன்று போகிறது. இன்னொன்றும் போகிறது. பின்னால் சைக்கிள் தலைக்கவசங்களோடு நிற்பவர்கள் காத்திருக்கிறார்கள். "ஸ்லோ ஸ்லோ, அங்கிள். நோ ஹரி லா," என்று அவசரப்படுத்தாமல் சொல்கிறார் படகோட்டி. "அடுத்தது," என்கிறார் வாப்பா. படகு எழும்புகிறது. வலது கால் துறையில் ஊன்றுகிறது. வலுவில்லாத இடது கால் ஒரு கணம் படகிலேயே தங்கிவிட்டு, மெல்லப் பின்தொடர்கிறது. சிமெண்டுத் தரையில் சற்றுச் சாய்ந்து, மூச்சு வாங்க நிற்கிறார். "ரெண்டு பேர் மிதிக்கிற சைக்கிள் வாடகைக்கு இருக்கா, கேளு புள்ள," என்கிறார் வாப்பா. உம்மா உயிர்காப்பு அங்கியைக் கழற்றியபடியே சொல்கிறார்: "முன்னால நான்தான் உக்காருவேன்."