மெஷினைப் பாருங்க

வீட்டு வரைபடம் மூன்றாம் முறையும் அனுமதி கிடைக்காமல் திரும்பி வந்ததால் போட்ட புகாருக்கு, நேரில் வரச் சொல்லி நகராட்சியிலிருந்து அழைப்பு வந்திருந்தது. பவளமும் கணவன் மாதேஷும் போனார்கள். நகரமைப்பு அதிகாரி புகாரை வாசித்தார்.

"'எங்க கம்பெனியில எல்லா ஷிப்ட்லயும் ஒரே பார்ட் ரிஜெக்ட் ஆனா, ஆளைத் திட்டமாட்டோம். மெஷினைப் பார்ப்போம்.' யார் எழுதினது?"

மாதேஷ் சட்டென்று எழுந்தான். "நான்தான் சார். கோவத்துல எழுதிட்டேன்."

"நாங்களும் மெஷினைப் பார்த்தோம். திரும்பின நாப்பது வரைபடத்துல முப்பத்தெட்டு, எங்க படிவத்துல இருந்த ஒரே கேள்வியாலதான் திரும்பியிருக்கு. அதை எடுத்துட்டோம். இந்தாங்க, உங்க அனுமதி. வேற எங்க குழப்பம்னு உக்காந்து சொல்லுங்க."

மாதேஷ் பெருமூச்சுவிட்டு, நாற்காலியை மனைவி பக்கம் தள்ளினான்.

"திட்டுவீங்கன்னு நினைச்சு நான்னு சொல்லிட்டேன் சார். எழுதினது இவதான். போச்சம்பள்ளி கம்பெனிக்குப் போறதும் இவதான். எனக்கு டீக்கடை."