எச்சரிக்கைக் கூண்டும் குட்டி வள்ளமும்

துறைமுகத்துக் கம்பத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டை மறுபடியும் ஏற்றினார்கள். ஏறி இறங்கியே அதற்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது.

"வந்துட்டாங்கய்யா நம்ம அக்கா!" என்றது கீழே நின்ற விசைப்படகு. "போன தடவையும் புயல்னு பயமுறுத்துனீங்க. ஒரு தூறல்கூட விழல. கரையில கிடந்து என் ஐஸ் கரைஞ்சதுதான் மிச்சம்."

"ஆழ்கடல்ல காத்தழுத்தம் இறங்குதாம் தம்பி, போகாதீங்க," என்றது கூண்டு. சொல்லிச் சொல்லி அதன் குரலே செத்துப்போயிருந்தது.

"அக்காவுக்கு வேற பேச்சே தெரியாது," என்று கேலி செய்தபடி படகுகள் கிளம்பின. புதிதாகத் தண்ணீரில் இறங்கிய குட்டி வள்ளமும் அவற்றின் பின்னால் ஓடியது.

"நீயாவது நில்லுடா கண்ணு!"

"பெரியவங்க எல்லாரும் போறாங்களே அக்கா!"

பகல் முழுக்கக் காற்று கூண்டைப் போட்டு உலுக்கியது. அது கடலையே பார்த்துக்கொண்டிருந்தது. சாயங்காலம் புயல் வேறு பக்கம் திரும்பிவிட்டது. படகுகள் மீனோடு வந்து சேர்ந்தன.

"எங்க அக்கா உங்க புயல்? வழி தெரியாம போயிடுச்சா?" என்று விசைப்படகு கேட்க, எல்லாப் படகுகளும் சிரித்தன. கூண்டு ஒவ்வொரு சிரிப்பாகக் காதில் வாங்கியது. குட்டி வள்ளத்தின் சிரிப்பை மட்டும் காணோம்.

இருட்டப் போகிற நேரத்தில் அது ஆடி ஆடி வந்தது.

"பொய்க்காரி அக்கா!" என்று கீச்சுக் குரலில் சிரித்தது.

"ஆமாடா, பொய்க்காரிதான்," என்றது கூண்டு. "எங்க, இன்னொரு தடவை சிரி."