முன்னே போக ஒரு முகம்

கழுத்துக்குக் கீழே அசைவற்றுப்போன தாமோதரனின் தலையில் கம்பிகள் முளைத்த தொப்பியை மாட்டியிருந்தார்கள். எதிரே பெரிய திரையில் ஒரு தெரு. அதில் அவருடைய சக்கர நாற்காலி, அவர் நினைத்த மாத்திரத்தில் தானாக ஓடியது. ஒன்பது வருஷமாக அவரைத் தள்ளித் தள்ளிக் கை காய்த்துப்போன மனைவி ஜெயசெல்வி, தள்ள ஆளே தேவைப்படாத அந்த நாற்காலியை முறைத்துக்கொண்டு நின்றாள்.

"திரும்பறதுக்குக் கை அசையறதா நினைக்கணும்க்கா," என்றாள் பயிற்சி கொடுக்கும் பெண். "முன்னால போகவும் நிக்கவும் சார் ஒவ்வொண்ணுக்கும் ஒரு முகத்தை நினைச்சுக்கறாராம். யாருன்னு மட்டும் சொல்லமாட்டேங்கறார்."

ஜெயசெல்வி அவர் காதருகே குனிந்தாள். "முன்னால போக யாரு? உங்க ஆபீஸ் ரெஜினாவா?"

"சொன்னா வண்டி ஓடாது, செல்வி."

"அப்ப நிக்கிறதுக்கு?"

"உன்னைத்தான்."

அவள் முகம் சுண்டிப்போனது. திரையில் நாற்காலி சிட்டாகப் பறந்தது. குறுக்கே ஒரு லாரி வந்தது. ஒரு சாண் இடைவெளியில் நாற்காலி சட்டென்று நின்றது.

"சூப்பர் சார்!" பயிற்சிப் பெண் கை தட்டினாள். "மத்ததெல்லாம் அப்பப்ப சொதப்பும்க்கா. நிக்கிறது மட்டும் ஒரு தடவைகூடச் சொதப்பினதில்ல."

"முன்னால போறது எத்தனை தடவை சொதப்பிச்சு?" என்று கேட்டாள் ஜெயசெல்வி.