படத்துக்குக் கீழே ஓர் எழுத்து

வானாய்வகத்திலிருந்து போனில் பேசிய பெண் பணிவாகத்தான் கேட்டாள். "ஐயா, எங்க பெரிய தொலைநோக்கியும் நாலாயிரம் வீட்டு மாடித் தொலைநோக்கிகளும் சேர்ந்து எடுத்த கேலக்ஸி படம் நாளைக்கு வருது. கீழ எல்லார் பேரும் போடுறோம். கனடாவுல ச. பூரணின்னு ஒருத்தர், உங்க வீட்டு ஆளா?"

"இல்லை" என்றார் சங்கரலிங்கம். தன்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்ட மகள் பூரணியிடம், "இனி என் இனிஷியலைப் போடாதே" என்று சொல்லிப் பதினோரு வருடமாகிறது. அதன்பின் அந்தப் பெரிய வீட்டில் அவரும் மாடியிலிருக்கும் தொலைநோக்கியும்தான்.

"ஆச்சரியமா இருக்கு ஐயா. தினமும் இங்க விடிஞ்சு நீங்க மூடினதும், அவங்க அங்க திறந்து அதே இடத்தைப் பார்க்கிறாங்க. உங்களுக்கு விட்டுப்போன நேரத்தையெல்லாம் அவங்கதான் நிரப்பியிருக்காங்க. சொந்தம் இல்லைன்னா அந்த 'ச.' தப்பா விழுந்திருக்கும். எடுத்துடட்டுமா?"

அவர் நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எடுக்க வேண்டாம்மா. எழுத்து சரியாத்தான் இருக்கு."

அவள் நன்றி சொல்லி வைக்கப்போகும் நேரத்தில், யாரோ அயலாரைப் பற்றி விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"கனடாவுல இன்னிக்கு மேகம் கீகம் ஒண்ணும் இல்லையே?"