காத்து அடங்கட்டும்

கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரையில் கல்யாணம். ட்ரோன் ரிமோட்டுடன் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான் செழியன்.

“முகூர்த்தமே முடிஞ்சிடப் போவுது. இன்னும் ஏத்தலையா?” பக்கத்திலிருந்த கவிநிலா கடுகடுத்தாள்.

“கீழ காத்து கம்மிதான். அந்தப் பனை உச்சியப் பாரு, ஆடுது. மேல ஜாஸ்தி. இத்துனூண்டு ட்ரோன், ஏரியில கொண்டுபோய்த் தள்ளிடும்.”

“எல்லாக் கல்யாணத்துலயும் இதேதான் சொல்றீங்களாமே?”

“அதனாலதான் மூணு வருஷமா உடையாம இருக்கு.”

ஒருவழியாகப் பனையோலை அடங்கியது. ட்ரோன் ஜிவ்வென்று மேலேறி, மேடைக்கு நேர் மேலே நின்றது.

“காத்து நின்னுடுச்சுல்ல மாப்பிள்ள?” என்று பெருமூச்சு விட்டார் புரோகிதர். “ரிமோட்டப் பொண்ணு கையில குடுத்துட்டு, தாலியக் கட்டுங்க!”

கெட்டிமேளம் முழங்கியது. கவிநிலா தலை குனியவில்லை. அண்ணாந்து பனையைப் பார்த்தவள் பதறினாள்.

“சீக்கிரம் கட்டுங்க, மறுபடியும் ஆடுது!”