எதிர்ப்பக்க நாற்காலி

“மாப்ளே, அஞ்சு மணிக்கு அந்த நாற்காலி காலியா இருந்துச்சுன்னா, அஞ்சே காலுக்கு உங்க நாற்காலியும் காலி. தங்கச்சிக்கு நான் சமாதானம் சொல்லிக்கிறேன்.”

தொலைக்காட்சி முதலாளி போனை வைத்துவிட்டார். அவருடைய தங்கையின் கணவரான தயாரிப்பாளர் மட்டும், பேச்சறுந்த போனிடம் “சரிங்க மச்சான், சரிங்க மச்சான்” என்று கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

‘இரு பக்கம்’ நிகழ்ச்சியில் எப்போதும் இரண்டு நாற்காலி. இடது பக்கம் ஆமாம் என்பவர், வலது பக்கம் இல்லை என்பவர். எந்தத் தலைப்பானாலும் இதுதான் முறை. போன வாரம் ‘தண்ணீர் நனைக்குமா?’ என்ற தலைப்புக்கே வலது பக்கத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர் நம் தயாரிப்பாளர். வந்தவரும் நன்றாகவே வாதாடி ஜெயித்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார்.

இந்த வாரம், ‘பூமி சூடாவதற்கு மனிதன்தான் காரணமா?’ இடது பக்கத்துக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியை ஒருவர் வரச் சம்மதித்துவிட்டார். வலது பக்கத்துக்குத்தான் நாதி இல்லை. மூன்று நாளில் அறுபத்திரண்டு விஞ்ஞானிகளிடம் கேட்டாகிவிட்டது.

“எங்காளு மேல பழி போடாதீங்க. நாப்பது வருஷமா அவனை அளந்துட்டிருக்கேன், அவன் பாட்டுக்கு இருக்கான்” என்றார், சூரியனை ஆராய்பவர்.

எரிமலைக்காரர், “எரிமலையெல்லாம் சேர்ந்து வருஷம் பூரா கக்குற கரியை நாம நாலஞ்சு நாள்ல கக்கிடறோம். அதுங்களுக்கே வெக்கமா இருக்காம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அறுபத்திரண்டாமவர் ஒரே அழுகை. “எனக்கு மட்டும் இல்லைன்னு சொல்ல ஆசையில்லையா? கடலோரமா வீடு கட்டி வச்சிருக்கேன் சார். அளந்தா அப்படித்தானே வருது, நான் என்ன பண்ண?”

நிகழ்ச்சிக்கு விளம்பரம் தரும் எண்ணெய்க் கம்பெனி தயாரிப்பாளர் படும் பாட்டைக் கேட்டு மனமிரங்கி, தன்னிடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற விஞ்ஞானிகளின் பட்டியலை அனுப்பியது. அதில் பாதிப் பேர் போனை எடுக்கவில்லை. மீதிப் பேர் உயிரோடு இல்லை. கடைசிப் பெயருக்குரிய பெரியவர் மட்டும் எடுத்தார். அப்போது மணி மூன்றரை.

“அந்தப் பல்கலைக்கழகக்காரங்க அத்தனை பேரும் மேடைக்கு மேடை ஒரே மாதிரி பேசிட்டுத் திரியறாங்களே, கேக்கக் கேக்க வயிறு எரியுது தம்பி. உண்மை எனக்குத் தெரியும். என்னை எவன் கூப்பிட்டான்?”

“ஐயா, அந்தப் பேராசிரியைக்கு எதிர்ப்பக்கம் உட்காருவீங்களா?”

“அந்தம்மாவுக்கா? உடனே கார் அனுப்புங்க.”

நின்ற டாக்ஸியில் வாடகை கேட்காமல் ஏறுகிறவர் மாதிரி, தயாரிப்பாளர் அதற்கு மேல் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

நாலு ஐம்பதுக்குப் பெரியவர் வந்தார். முகத்தில் பவுடர் பூசினார்கள். சட்டையில் மைக் குத்தினார்கள். நாலு ஐம்பத்தைந்துக்கு எழுந்து நின்றுவிட்டார்.

“வேணாம் தம்பி. நான் கிளம்பறேன்.”

தயாரிப்பாளர் வாசலை மறித்து நின்றார். “ஐயா, என் பொழப்பே உங்க கையில இருக்கு.”

“என் பென்ஷன் கம்பெனி கையில இருக்கே. ஆராய்ச்சியைப் பத்தி வெளிய வாயைத் திறக்க மாட்டேன்னு அப்பவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான்.”

“கம்பெனிதாங்க உங்க பேரையே கொடுத்துச்சு.”

“பேசலாம்னு சொல்லுச்சா?”

“சொல்லுச்சு.”

“யாரு, வாட்ச்மேனா?”

“நிர்வாக இயக்குநரே எழுதியிருக்காருங்க. ‘தயங்காமல் பேசச் சொல்லவும்.’ இதோ, நீங்களே பாருங்க.”

பெரியவர் செல்போனை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். நிர்வாக இயக்குநரின் பெயரை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு அந்த வயதுக்குச் சம்பந்தமே இல்லாத வேகத்தில் போய் வலது நாற்காலியில் உட்கார்ந்தார். நேரலை தொடங்க எட்டு விநாடி இருந்தது.

முதலில் பேராசிரியை பேசினார். “இதுல சந்தேகத்துக்கு இடமே இல்லைங்க. நாம எரிக்கிற எண்ணெயும் நிலக்கரியும்தான் காரணம். எங்க குழு இதைக் கண்டுபிடிச்சுச் சொல்லி முப்பது வருஷமாச்சு. உலகத்துல அளந்து பார்த்தவங்க எல்லாரும் அதையேதான் சொல்றாங்க.”

நெறியாளர் வலப்பக்கம் திரும்பினார். “ஐயா, நீங்க இதை மறுக்கறீங்க?”

“மறுக்கறேன். அந்தம்மா சொல்றது பச்சைப் பொய்.”

கண்ணாடி அறைக்குள் தயாரிப்பாளர் மூன்று நாளாக அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார். ‘சபாஷ் மாப்ளே’ என்று முதலாளியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. எண்ணெய்க் கம்பெனியிலிருந்து கைதட்டும் படம் ஒன்று வந்தது.

“எது பொய்னு விளக்கமா சொல்லுங்க ஐயா” என்றார் நெறியாளர்.

“இவங்க கண்டுபிடிச்சாங்கங்கறது பொய். இவங்களுக்குப் பதினோரு வருஷம் முன்னாடியே எங்க எண்ணெய்க் கம்பெனி லேப்ல நான் கண்டுபிடிச்சேன். அப்ப மூச்சு விடாதேன்னு பீரோவுல வச்சுப் பூட்டினவங்க, இன்னிக்குத்தான் பெரிய மனசு பண்ணி என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க.”